ஒரு வெள்ளிக்கிழமை மாலையும் தாம்பரம் சானடோரியமும்

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் பாதையில் மூன்று நிலையங்களைச் சேர்த்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சேத்துப்பட்டில் காசநோய்க்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கிண்டியில், பிறந்த குழந்தைக்குத் தோளில் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியைத் தயாரிக்க 1948இல் தொடங்கப்பட்ட ஆய்வகம் இருக்கிறது. இன்னும் தெற்கே போனால் தாம்பரம் சானடோரியம். 1928இல் காசநோயாளிகளுக்காக எழுந்த மருத்துவமனையின் பெயரையே ரயில் நிலையமும் சுற்றியுள்ள குடியிருப்பும் எடுத்துக்கொண்டன. மூன்றும் ஒரே நோயால் எழுந்தவை. அந்த நோய்க்குக் காரணம் என்ன என்று உலகம் அறிந்துகொண்டது 1882ஆம் ஆண்டில், ஜெர்மானியப் பேரரசின் தலைநகரான பெர்லினில்.

அப்போது அந்தப் பேரரசுக்கு வயது பதினொன்றுதான். 1871இல் பிரஷ்யாவின் தலைமையில் சிறிதும் பெரிதுமான நாடுகள் ஒன்றாகிப் பேரரசாயின. அரியணையில் முதலாம் வில்ஹெல்ம். அதிகாரமெல்லாம் சான்சலர் பிஸ்மார்க் கையில். மக்கள்தொகை நாலரைக் கோடி. அந்த ஒரே ஆண்டில் அங்கே நடந்தவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிப்ரவரியில் பெர்லின் நகரின் நடுவே செங்கல் வளைவுகளின்மேல் ஓடும் ரயில் பாதை திறக்கப்பட்டது. மார்ச் 23 அன்று எர்லாங்கனில் எம்மி நோதர் பிறந்தார். நவீன இயற்பியலின் அடிப்படைத் தேற்றங்களில் ஒன்று இன்று அவர் பெயரில் இருக்கிறது. ஏப்ரல் 29 அன்று வெர்னர் ஸீமென்ஸ், தண்டவாளமே இல்லாமல் மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் வண்டியை பெர்லினை ஒட்டிய ஹாலன்ஸீயில் ஓட்டிக்காட்டினார். மே 1 அன்று பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு பிறந்தது. செப்டம்பரில் மீஸ்பாக் என்ற ஊரிலிருந்து 57 கிலோமீட்டர் தள்ளியிருந்த மியூனிக் கண்காட்சிக்கு வெறும் தந்திக் கம்பி வழியாக மின்சாரம் போய்ச் சேர்ந்தது. பை என்ற எண்ணை வைத்து, வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை அளவுகோலாலும் கவராயத்தாலும் வரையவே முடியாது என்பதை ஃபெர்டினாண்ட் லிண்டமன் நிரூபித்ததும் அந்த ஆண்டில்தான். கீல் நகரில் வால்டர் ஃப்ளெமிங், ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல்போன்ற பொருள்கள் இரண்டாகப் பிளப்பதைச் சாயம் ஏற்றிப் பார்த்து நூலாக வெளியிட்டார்.

இந்தப் பளபளப்புக்குப் பின்னால் இன்னொரு பெர்லின் இருந்தது. பதினொரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த நகரம் அது. கிராமங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் முற்றத்துக்குப் பின் முற்றமாக அடுக்கிக் கட்டிய வாடகைக் கட்டடங்களில், வெயில் எட்டாத ஈர அறைகளில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அந்த அறைகளில்தான் காசநோய் குடியிருந்தது. மனிதரில் ஏழில் ஒருவர் இந்த நோயில் சாகிறார் என்பது அன்றைய கணக்கு. உழைக்கும் வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒருவர்.

1882 மார்ச் 24, வெள்ளிக்கிழமை மாலை. பெர்லின் உடலியங்கியல் கழகத்தின் கூட்டம் ஒரு சிறிய வாசிப்பறையில் கூடியது. பேச வந்தவர் ராபர்ட் கோக், வயது 38. சுரங்கத் தொழில் ஊரான கிளவுஸ்தாலில் பிறந்தவர். இன்றைய போலந்திலுள்ள ஒரு சிறு ஊரில் அரசு மருத்துவராக இருந்துகொண்டே, வீட்டிலேயே ஒரு மூலையை ஆய்வுக்கூடமாக்கி, ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று 1876இல் நிறுவியவர். 1880இல் பேரரசின் சுகாதார அலுவலகம் அவரை பெர்லினுக்கு அழைத்துக்கொண்டது. சரளமாகப் பேசக்கூடியவர் அல்ல. ஆனால் அன்று அவர் அறை முழுக்க நுண்நோக்கிகளையும் 200க்கும் மேற்பட்ட கண்ணாடி ஸ்லைடுகளையும் கொண்டுவந்து வைத்திருந்தார். பேசி முடித்ததும் கைதட்டல் இல்லை, கேள்வி இல்லை. எல்லோரும் எழுந்து நுண்நோக்கிகளை நோக்கிப் போனார்கள். அங்கே இருந்த இளைஞர் பால் எர்லிக், தன் அறிவியல் வாழ்க்கையில் மறக்கவே முடியாத மாலை அது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவர்கள் பார்த்தது மெல்லிய நீலக் கோல்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு நீளம்.

ஏன் அதுவரை யாருக்கும் தெரியவில்லை? நுண்நோக்கி இல்லாமல் இல்லை. யெனா நகரில் கார்ல் ஸைஸ் பட்டறையும் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபேயும் சேர்ந்து, லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கும் முறையை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கொண்டுவந்துவிட்டார்கள். சிக்கல் கிருமியின் மேல்தோலில் இருந்தது. காசநோய்க் கிருமி தன்னைச் சுற்றித் தடித்த மெழுகுப் போர்வை ஒன்றை வைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள கையில் மருதாணி பற்றாததைப் போலத்தான், மற்ற கிருமிகள் சட்டென்று ஏற்கும் சாயம் இதன்மேல் ஏறுவதில்லை. சாயம் ஏறாத கிருமி, திசுவின் நடுவே இருந்தும் இல்லாததுதான்.

கோக் மெத்திலீன் நீலத்தைக் கொஞ்சம் காரத்தோடு கலந்து, ஸ்லைடை அதில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தார். பிறகு ஒரு பழுப்புச் சாயத்தை ஊற்றினார். சுற்றியிருந்த திசுவெல்லாம் நீலத்தை விட்டுப் பழுப்பானது. கிருமி மட்டும் நீலத்தை விடாமல் நின்றது. அந்தப் பழுப்புச் சாயத்தைக் கடையில் பிஸ்மார்க் பழுப்பு என்று சொல்லி விற்றார்கள்!

இந்தச் சாயங்கள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அந்தக் கிருமியளவுக்கே முக்கியமாகப் படுகிறது. மெத்திலீன் நீலம் ஒரு சாய ஆலையில் ஹைன்ரிக் கேரோ என்ற வேதியியலாளர் 1876இல் தயாரித்தது, துணிக்கு நிறமேற்றத்தான். நிலக்கரித் தாரிலிருந்து நூற்றுக்கணக்கான நிறங்களை எடுக்கும் தொழிலில் அன்று ஜெர்மனிக்கு நிகர் யாருமில்லை. அந்தத் தொழிலுக்கு நம் பக்கத்தில் ஒரு கசப்பான கணக்கும் உண்டு. 1882இலேயே அடால்ஃப் ஃபான் பேயர் அவுரி நீலத்தை ஆய்வகத்தில் செய்யும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1897இல் ஆலை அவுரி சந்தைக்கு வந்தது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இறங்கினால் வரும் பழைய தென்னார்க்காடு மாவட்டம் அவுரி விளைந்த மண். ஆலைச் சாயம் வந்தபின் அந்தப் பயிர் நொடித்துப்போனது. நோயைக் காட்டிக்கொடுத்த அதே சாயக் கொப்பரைகள்தான் நம் விவசாயியின் கையிலிருந்து ஒரு பயிரைப் பறித்தன. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கிருமியைப் பார்த்தால் மட்டும் போதாது, அதுதான் காரணம் என்று நிரூபிக்க அதைத் தனியே வளர்த்துக்காட்ட வேண்டும். ஆட்டின், மாட்டின் ரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்து, சோதனைக் குழாயைச் சாய்த்துவைத்து, 65 டிகிரி வாக்கில் சூடாக்கி உறையவைத்தார் கோக். உறைந்த பரப்பில் நோயுற்ற திசுவின் துளியைத் தேய்த்து, உடல் வெப்பத்தில் வைத்தார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம், எதுவுமில்லை. மற்ற கிருமிகள் மணிக்கணக்கில் பெருகிவிடும். இது ஒரு முறை இரட்டிப்பாகவே முக்கால் நாள் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் குழாயைக் கழுவிப்போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இரண்டாவது வாரத்தில்தான் உலர்ந்த செதில்போலப் புள்ளிகள் கண்ணுக்குத் தென்பட்டன. அந்தப் புள்ளிகளை எடுத்துக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்குக் காசநோய் வந்தது. எவ்வளவு எளிமையான நிரூபணம், எவ்வளவு பொறுமை!

அதே ஆய்வுக்கூடத்தில் அந்தக் குளிர்காலத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, கிருமி வளர்க்கும் ஜெலாட்டின் வெப்பத்தில் உருகி ஓடுவதைக் கண்டு ஒரு யோசனை சொன்னார். அவர் வீட்டில் ஜெல்லி செய்யும்போது கடல்பாசியைத்தான் போடுவார், அது கோடையிலும் உருகாது. ஜாவாவில் வாழ்ந்துவந்த டச்சுக் குடும்பத்திடம் அவர் கற்ற சமையல் நுட்பம் அது. நம் கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கும், நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உறையவைக்கும் அதே கடல்பாசி. கோக் தன் 1882 கட்டுரையில் அதை ஒரே வரியில் குறிப்பிட்டார். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. இன்று உலகின் எல்லாக் கிருமி ஆய்வகங்களும் அவர் சொன்ன பொருளில்தான் இயங்குகின்றன. மண்டபம், ராமேசுவரம் கரையில் முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் மீனவப் பெண்களின் உழைப்பும் அந்தப் பொருளாகத்தான் மாறுகிறது.

கோக்கின் சாய முறையை வேகப்படுத்தியவர் எர்லிக். சாயம் பூசிய ஸ்லைடுகளை ஓர் இரவு ஆறிக்கிடந்த அடுப்பின்மேல் உலரவைத்திருந்தார். தெரியாமல் யாரோ அடுப்பை மூட்டிவிட, சூட்டில் சாயம் மெழுகுக்குள் இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. அமிலம் ஊற்றினாலும் அது கழுவிப்போகாது என்பதையும் கண்டார். அதே ஆண்டில் ஃப்ரான்ஸ் ஸீலும், அடுத்த ஆண்டில் ஃப்ரீட்ரிக் நீல்சனும் அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

அந்த முறை 140 ஆண்டுகளாக உயிரோடிருக்கிறது. சளி பரிசோதனை செய்யும் ஆய்வகத்தில் ஒருநாள் நின்று பார்த்தால் 1882 கண்முன் நடக்கும். ஸ்லைடில் சளியை மெல்லிய பூச்சாகத் தடவி, உலரவிட்டு, சுடரில் மூன்று முறை காட்டி எடுப்பார்கள். மேலே சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கீழே சூடு காட்டுவார்கள். ஆவி எழ வேண்டும், கொதித்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, கந்தக அமிலத்தை ஊற்றினால் காசநோய்க் கிருமியைத் தவிர மற்றவற்றின் சிவப்பெல்லாம் வடிந்துபோகும். கடைசியாக மெத்திலீன் நீலம். ஸ்லைடின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால், நீலப் பரப்பில் லேசாக வளைந்த சிவப்புக் கோல்கள், ஒன்றிரண்டு தனியாக, சில கொத்தாக. ஒரு மனிதரின் அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கும் கோல்கள் அவை. இப்போது மரபணுவையே இரண்டு மணி நேரத்தில் தேடிச் சொல்லும் கருவிகள் வந்து, இந்தப் பழைய முறைக்கு மெல்ல விடைகொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அன்றைய பெர்லினில் கோக்கின் கருத்தை எளிதில் ஏற்காத பெரியவர் ஒருவர் இருந்தார், ருடால்ஃப் விர்ஹோ. உலகின் முதன்மையான நோய்க்குறியியல் அறிஞர். கூடவே நாடாளுமன்ற உறுப்பினர், நகராட்சி உறுப்பினர். பெர்லினுக்குப் பாதாளச் சாக்கடை வரப் போராடியவர். பசியும் நெரிசலும் அழுக்கும்தான் நோயைப் பிறப்பிக்கின்றன என்பது அவர் வாழ்நாள் வாதம். கிருமி ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட்டால் வறுமையை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. கோக் தன் உரையை விர்ஹோவின் ஆதிக்கத்திலிருந்த அரங்கைத் தவிர்த்து வேறிடத்தில் நிகழ்த்தியது இதனால்தான் என்பார்கள். இந்த வழக்கு 1882இல் தீரவில்லை. அந்த மூன்று ரயில் நிலையங்களின் கதை பெரும்பாலும் அந்த வழக்கின் தொடர்ச்சிதான்.

பிஸ்மார்க்கும் அந்த ஆண்டில் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தார். சோஷலிஸ்ட் கட்சியைச் சட்டம் போட்டு நசுக்கிய அவரே, தொழிலாளரைத் தன் பக்கம் இழுக்க நோய்க் காப்பீட்டுச் சட்ட மசோதாவைக் கொண்டுவந்தார். 1883இல் அது சட்டமானது. தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்ட வேண்டும்; நோயில் விழுந்தால் 13 வாரம் வரை பணம் கிடைக்கும். தொழிலாளருக்கான நம் இ.எஸ்.ஐ. காப்பீட்டுச் சட்டம் 1948இல் வந்தது. அதில் ஒரு தொழிலாளிக்கு நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள். 91 நாள் என்றால் 13 வாரம். காசநோய் என்றால் அதற்கு மேலும் நீட்டித்துத் தருகிறார்கள். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் எந்திரத்தின் முன் உட்காரும் பெண்ணின் சம்பளச் சீட்டில் பிடிக்கப்படும் அந்தச் சிறு தொகைக்கு இப்படியொரு வம்சாவளி இருக்கிறது.

கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று. மருந்து? அதற்கு இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1890இல் கோக் தானே ஒரு மருந்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். டியூபர்குலின் என்று பெயர். நோயாளிகள் பெர்லினுக்கு வந்து குவிந்தார்கள். மருந்து குணப்படுத்தவில்லை, சிலர் அதனாலேயே மோசமானார்கள். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் விர்ஹோ. ஆனாலும் டியூபர்குலின் வீணாகவில்லை. இன்று வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் குழந்தையின் முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளந்து பார்க்கிறார்களே, அந்த மாண்டூ பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான்.

மருந்தில்லாத அந்த இடைக்காலத்தை நிரப்பியவை சானடோரியங்கள். அதுவும் ஜெர்மன் மண்ணில் தொடங்கியதே. ஹெர்மன் பிரேமர் என்ற மருத்துவர் சைலீசிய மலைக் கிராமமான கெர்பெர்ஸ்டார்ஃபில் 1850களில் அதைத் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, அளந்த நடை, நிறைய ஓய்வு. அவரிடம் நோயாளியாக வந்து தேறிய பீட்டர் டெட்வைலர் 1876இல் ஃபால்கன்ஸ்டைனில் தானே ஒன்றைத் தொடங்கினார். பிஸ்மார்க் காலத்துக் காப்பீட்டு நிதியிலிருந்தே பின்னாளில் தொழிலாளருக்கான சானடோரியங்கள் கட்டப்பட்டன.

அந்த வழியில் வந்த தமிழர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரி முத்து. இங்கிலாந்தில் மருத்துவம் செய்து, சோமர்செட்டில் மென்டிப் குன்றுகளின் மேல் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். இருவரும் 1914இல் இங்கிலாந்துக்கு ஒரே கப்பலில் போனவர்கள். இந்தியா திரும்பிய சவுரி முத்து, 1928இல் தாம்பரத்தில் மலையடிவாரத்து வெட்டவெளியில் சானடோரியத்தைத் தொடங்கினார். அன்று அது நகரத்துக்கு வெகு வெளியே, புதர்க்காடு. 1937இல் அரசு அதை ஏற்றது. ஒரு தனி மனிதர் தன் முயற்சியில் நம் ஏழைகளுக்கு நிழல் தேடிய இடம் அது. அவர் பெயர் அந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது என்பது வருத்தமான உண்மை. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளை, பிற இடங்களில் கதவைச் சாத்திய காலத்தில், படுக்கை கொடுத்துப் பார்த்துக்கொண்டதும் இதே மருத்துவமனை.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, அடுத்த பத்தாண்டில் ஐசோனியசிட். ஆனால் இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் சானடோரியப் படுக்கைகள் எந்த மூலைக்கு? 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் துணிந்து ஒரு கேள்வி கேட்டது: நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன? சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், ஓய்வோடும் நல்ல உணவோடும். மறுபாதி தங்கள் நெரிசலான வீட்டில், கிடைத்த உணவோடு. மாத்திரை இருவருக்கும் ஒன்றே, ஓராண்டு. 1959இல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்த உறவினருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். தாம்பரத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் அந்த முறையைத் தேவையற்றதாக்கியது அதே ரயில் பாதையிலுள்ள சேத்துப்பட்டு.

கிண்டித் தடுப்பூசிக்கும் சோதனை வந்தது. 1968இல் தொடங்கி அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் பி.சி.ஜி. பரிசோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரியவந்தபோது உலகமே அதிர்ந்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் அது தொடர்கிறது.

அப்படியானால் பெரியவர்களைக் காப்பது எது? ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு விர்ஹோ பக்கம் கைகாட்டுகிறது. நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, நுண்ணூட்டச் சத்துகள் கொடுத்ததில் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு கோக் சொன்னது சரி, அவர் குடும்பத்துக்கு விர்ஹோ சொன்னது சரி. நோயாளிக்கு மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுக் குடும்பத்தின் சோற்றுப்பானையைப் பார்க்காத திட்டம் பாதித் திட்டம்தான்.

உலகில் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் வருகிறது. அவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். மார்ச் 24 இன்று உலகக் காசநோய் நாள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைப்பு, சளியில் ரத்தம், இவற்றில் ஏதேனும் இருந்தால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. உணவுக்காக அரசு மாதம் 1,000 ரூபாயும் தருகிறது. இரண்டாவது மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். அப்போதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆறு மாதமும் முடியுங்கள்.